திறக்காத இடது காது

எழுபதுகளின் நடுப்பகுதியில், அடையாறில் கடல் உயிரினங்களை ஆராயும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பவளப்பாறைகளைப் பற்றி வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேனே தவிர, ஒன்றைக்கூட அது இருக்கும் இடத்தில் பார்த்ததில்லை. திடீரென்று வெளிநாட்டிலிருந்து, முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் காற்று சிலிண்டர்கள் அலுவலகத்துக்கு வந்தன. கடற்படையிலிருந்து விலகிய ஒருவர் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பார். தேறியவர்கள் தெற்கே மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் போய்க் கடலில் இறங்கிக்காட்டினால் முக்குளிப்புச் சான்றிதழ் என்றார்கள். நானும் எதிர் மேசை நண்பரும் பெயர் கொடுத்தோம்.

"சமுத்திரத்துல முங்கறதுக்கு எதுக்குடி பரீட்சை?" என்றாள் மயிலாப்பூர் வீட்டில் அம்மா. "ஆத்துக் கிணத்தடியிலேயே குளிச்சுண்டு இருக்கப்படாதோ?"

முதல் தொல்லை நீச்சல் உடை. கடைகளில் கிடைக்கவில்லை. பாண்டி பஜாரில் ஒரு தையற்காரரிடம் பத்திரிகைப் படத்தைக் காட்டினேன்.

"இன்னாம்மா இது, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்றவர், என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, கெட்டித் துணியில் முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் வைத்துத் தைத்துவிட்டார். நனைந்ததும் அது ஈரக் கோணி மாதிரி கனத்தது.

அடுத்தது குளத்துக் காவலாளி.

"லேடீஸ் டைம்ல வாத்தியார் உள்ள வரக்கூடாது. ஜென்ட்ஸ் டைம்ல நீ வரக்கூடாது. ரூல் அப்டி கீது."

"அப்போ வாத்தியாரும் நானும் சேர்ந்து எப்போ வர்றது?"

"அத்த என்னாண்ட ஏம்மா கேக்கற?"

எங்கள் அலுவலக மேலதிகாரி பலமுறை பேசிய பிறகு, குளத்தைக் கழுவுகிற திங்கட்கிழமை காலையில், தண்ணீரை வடிக்கும் முன் வரச் சொன்னார்கள். ஊரே வாரம் முழுக்கக் குளித்த தண்ணீர். முகமூடிக்குள் அதை நிரப்பி, மூக்கால் ஊதி வெளியேற்றப் பழக வேண்டும். திரும்பப் பல் விளக்கியும் நாள் பூராவும் வாயில் பாசி நாறியது.

அதைக்கூடச் சமாளித்தேன். என்னை இறங்க விட மறுத்தது என் இடது காது. சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் தலைகீழாக இறங்குவேன். பாதி தூரத்திலேயே காதுக்குள் ஊசி ஏறும். தண்ணீரின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் வலது காது சட்டென்று திறந்துகொள்ளும். இடது அசையாது. மேலே வந்துவிடுவேன்.

"பயப்படறீங்க" என்பார் பயிற்சியாளர்.

"பயம் இல்ல சார், வலி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

காது டாக்டர் மூக்குத் தண்டு கொஞ்சம் வளைந்திருக்கிறது என்றார். ஆவி பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தேன். பலனில்லை. நண்பர் சுலபமாகத் தேறி, மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார். வழியனுப்பக்கூட நான் போகவில்லை. அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து அம்மாள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன்.

அடுத்த திங்கள் எரிச்சலோடுதான் போனேன். சொல்லிக்கொடுத்தபடி தலைகீழாக இறங்கவில்லை. சுவரில் பதித்திருந்த இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு, கால் கீழே, தலை மேலே. ஒரு படி இறங்கி எச்சில் விழுங்கினேன். தாடையை அசைத்தேன். வலி எட்டிப் பார்த்தால் ஒரு படி மேலேறிக் காத்திருந்தேன். எங்கேயோ நடுவில், இடது காதுக்குள் மெல்லிய ஒரு சத்தம். வலி விட்டது. தரையைத் தொட்டேன்.

மேலே வந்ததும் பயிற்சியாளர் கத்தினார். "இது டைவிங்கா? மாடிப்படி இறங்குற மாதிரி இருக்கு!"

"அடி வரைக்கும் போனேனா, இல்லையா?"

அவர் இன்னும் இரண்டு முறை இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார், தோற்றுப்போனவர் மாதிரி.

அதற்குள் மழைக்காலம் தொடங்கி, கடல் கலங்கிவிட்டது. மறு வருடம்தான் என்னை மண்டபத்துக்கு அனுப்பினார்கள். கடலில் ஏணி ஏது? நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக இறங்கினேன். காது திறந்தது. மணலில் முழங்கால் ஊன்றி, முகமூடியைக் கழற்றி மாட்டி, பயிற்சியாளர் கேட்டதெல்லாம் செய்துவிட்டு மேலே ஏறினேன். தேறிவிட்டேன்.

துணைக்கு வந்திருந்த நண்பர் படகிலிருந்து கை நீட்டி என்னைத் தூக்கினார். "எப்படி இருந்தது? பாறையெல்லாம் பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். காது ஒன்றிலேயே கவனமாக இருந்ததில், கண் வேறெங்கும் போகவே இல்லை.

"கயிறுதான் பாத்தேன்" என்றேன். "வேற சிலிண்டர் இருக்கா?"