வெயிலில் வைத்த ட்ரம்பெட்

மே மாதத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தவெளியில் ட்ரம்பெட் ஊதுவது என்பது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிற தொழில். பித்தளையை உதட்டில் வைத்தவர்கள் இதைப் படித்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், வெயிலில் நிறுத்திய பைக் சீட்டில் உட்கார்ந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பகலில் பேண்டு, இரவில் தாம்பரத்தைத் தாண்டி ஒரு கிடங்கில் காவல். ட்ரம்பெட்டை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நாற்பது வயதில், ஓரிடத்தில் உட்காராத மனசை என்ன செய்வது என்று தெரியாமல், கைபேசியைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். எங்கள் பேண்டில் ஒன்பது பேர். அதில் ட்ரம்பெட் இரண்டு: முப்பது வருஷமாக ஊதுகிற சாமு அண்ணன், அவர் பக்கத்தில் நான். பள்ளிக்கு விடுமுறை விட்டால் ஞாயிறுதோறும் ஏதாவதொரு குடியிருப்போர் சங்கம் எங்களைப் பூங்காவில் கொண்டுபோய் நிறுத்தும். போன கோடையில் நடந்தவை இவை. பெருமைப்பட ஒன்றும் இல்லை.

துண்டு

கிடங்கில் பழகும்போது சத்தம் வெளியே போகக்கூடாது என்று ட்ரம்பெட்டின் புனல்வாயில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்துக்கொள்வேன். சிட்லபாக்கம் ஏரிக்கரைக் கச்சேரிக்கு அப்படியே, துண்டோடு எடுத்துப் போய்விட்டேன். மூச்சு முட்டியது. வெயில்தான் காரணம் என்று நினைத்து இன்னும் பலமாக ஊதினேன். காது அடைத்ததே தவிர, சத்தம் வந்தபாடில்லை.

மூன்றாவது பாட்டில் துண்டின் முனை வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. சாமு அண்ணன் ஒரு கையால் தன் ட்ரம்பெட்டைப் பிடித்தபடியே மறு கையால் அதை உருவி, தன்னுடையதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாக்கிங் ஷூ போட்ட பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் காதைப் பொளந்துட்டாங்க தம்பி, நீங்க ஒருத்தர்தான் இதமா வாசிச்சீங்க. கடைசியில நீங்களும் ஏன் கத்த ஆரம்பிச்சிட்டீங்க?"

மாங்காய்

ஊதுகிறவனுக்கு எதிரில் யாரும் புளிப்பு தின்னக்கூடாது. இதை எந்தச் சங்கமும் நோட்டீஸில் போடுவதில்லை. சேலையூரில் ஒரு பூங்காவில், முதல் வரிசை முழுக்கப் பிள்ளைகள். ஒவ்வொரு கையிலும் கீறின மாங்காய், மேலே மிளகாய்த்தூளும் உப்பும். ஒரு சிறுமி அதைக் கடித்துவிட்டு ஒரு கண்ணை மூடினாள். எனக்கு வாயெல்லாம் ஊறி, ட்ரம்பெட் கொதிக்கிற குழம்பு மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது.

பாட்டு நின்ற இடத்தில், குழாயின் அடியில் இருக்கிற சின்னச் சாவியை அழுத்தி உள்ளே சேர்ந்த எச்சிலை வெளியே ஊதிவிட்டேன். எல்லோரும் செய்வதுதான். பொதுவாகத் திரும்பி நின்று செய்வோம். நான் அவசரத்தில் மேடை விளிம்பில் நின்று, அவர்களைப் பார்த்தபடியே செய்துவிட்டேன். சிறுமி மாங்காயை வாயிலிருந்து எடுத்தாள்.

"அம்மா, இந்த அங்கிளோட ட்ரம்பெட் ஒண்ணுக்குப் போகுது."

கோட்டு

எங்கள் சீருடை சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை. அதைத் தைத்தவர் தாம்பரத்தில் வெயில் அடிக்கும் என்று கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. வேர்வையில் அதன் சாயம் இறங்கிக் கழுத்திலும் பனியனிலும் பிடித்துக்கொள்ளும். ஒரு ஞாயிறு குளிக்க நேரமில்லாமல் கச்சேரியிலிருந்து நேராக வேலைக்குப் போனேன். பகல் காவல்காரர், என்னோடு ஆறு வருஷமாகப் பொறுப்பு மாற்றிக்கொள்கிறவர், என் கழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். விஷயத்தைச் சொன்னேன். மறுபடி உட்கார்ந்தார்.

"வெட்டிட்டானுங்கன்னாகூட ஒத்துக்கலாம். இந்த வயசுல உனக்கு இதெல்லாம் இன்னாத்துக்குய்யா?"

சிமெண்டு பெஞ்சு

இதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

இரும்புலியூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மர நிழலில் நின்று எல்லோரும் சுருதி சேர்த்தோம். பிறகு மோர் குடிக்கக் கூப்பிட்டார்கள். சாமு அண்ணன் ட்ரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். நான் என்னுடையதை வெயிலில், சிமெண்டு பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனேன். சூடு ஏறினால் பித்தளையில் சுருதியும் ஏறும். அதை இறக்க, சுருதிக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். சாமு அண்ணன் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். முதல் பாட்டிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. பதற்றத்தில் நான் குழாயை முழுக்க உள்ளே தள்ளினேன்.

அடுத்த பாட்டில் இரண்டு ட்ரம்பெட்டும் ஒரே சுரத்தைச் சேர்ந்து பிடித்து நீட்டுகிற இடம். அவருடையது கிளாரினெட்டோடு ஒட்டி நின்றது. என்னுடையது அதற்கு மேலே நின்று அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். யாருடைய தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு ட்ரம்பெட் மோதிக்கொண்டால் எது பிசகியது என்று முன்னால் நிற்கிறவருக்குச் சட்டென்று பிடிபடாது. எங்கள் பேண்டு மாஸ்டர் திரும்பி, யாரு என்று கேட்டார்.

சாமு அண்ணனுக்கு அதற்கு முந்தின மாதம்தான் முன்பல் இரண்டு கட்டியிருந்தார்கள். ஊதுகிறவனுக்கு முன்பல்தான் எல்லாம் என்பதால் பேண்டில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. தலையைத் திருப்பிச் சாமு அண்ணனைப் பார்த்தேன், அவ்வளவுதான். நான் பார்த்த இடத்தை மாஸ்டரும் பார்த்தார். சாமு அண்ணன் நாக்கால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு கச்சேரி அனகாபுத்தூரில், அவருடைய சொந்தத் தெருவில்.

"சாமு, அடுத்த வாரம் நீ ஊத வேணாம், உன் பார்ட்டை இவன் பார்த்துப்பான். உன்னால இனிமே முடியுமான்னு அப்புறம் யோசிப்போம்."

அனகாபுத்தூர்

அந்த வாரம் முழுக்க நான் ட்ரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. கைபேசியில் சாமு அண்ணன் பெயரை எடுத்து எடுத்து, கூப்பிடாமலே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது தெருவை அடைத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் சாமு அண்ணன், வெள்ளைச் சட்டையில், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், இன்னாண்ணா நீ ஊதலையா என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பெட்டியைத் திறந்ததும் எழுந்து வந்தார். வெயில் சுள்ளென்று இருந்ததால், வழக்கம்போல எனக்காகக் குழாயை இழுத்து வைக்கத்தான் வந்திருப்பார். ட்ரம்பெட்டை வாங்கிப் பார்த்தார். குழாய், போன ஞாயிறு நான் தள்ளிய இடத்திலேயே, முழுக்க உள்ளே இருந்தது. அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அரை விரல் அளவுக்கு வெளியே இழுத்து, சட்டை நுனியால் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

முதல் பாட்டை ஊதினேன். சுருதி சுத்தமாக இருந்தது. தெரு கைதட்டியது, சாமு அண்ணனும் தட்டினார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. மாஸ்டரிடம் போய், அன்றைக்குப் பிசகினது நான்தான், குழாயை உள்ளே தள்ளியிருந்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். டிரம் வாசிக்கிறவன் குச்சியைக் கீழே வைத்தான். மாஸ்டர் மைக்கைத் தாண்டிப் போய், சாமு, உன் ட்ரம்பெட்டை எடுத்துகினு வா என்றார். வீடு நாலு வாசல் தள்ளித்தான். அவர் மனைவி ஓடினார். எங்கள் கோட்டுகளை மாஸ்டர்தான் வைத்திருப்பார், சாமு அண்ணனுடையதை அன்றைக்கு வண்டியில் ஏற்றவில்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். வேர்வையில் ஊறி, சாயம் சொட்டிக்கொண்டிருந்தது. தன் வெள்ளைச் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுப் பித்தான் மாட்டினார். மாட்டிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பல்லை ஆட்டி ஆட்டிப் பார்த்துகினு இருந்தேன்டா. நெஜமாவே ஆடுதுன்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டேன்."

கைபேசியைப் பார்த்து ட்ரம்பெட்டைக் கற்றுக்கொண்டுவிடலாம், நண்பர்களே. யாரு என்று மாஸ்டர் கேட்கும்போது நான்தான் என்று சொல்வதற்கு மட்டும் அதில் ஒரு வீடியோவும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.