வெள்ளிக்கிழமை இறால் வடை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலில் காற்று கொஞ்சம் திரும்பியது. தள்ளுவண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த இறால் வடைகளின் வாசனை நேரே என் மூக்குக்குள் ஏறியது. பழைய எண்ணெய், பருப்பு, இறால் ஓடு கருகிய மணம், மேலே ஊற்றுகிற மிளகாய்ச் சாறு. மற்றவர்களுக்கு இந்த வாசனையில் வாயூறும். எனக்கு இடது கன்னம் எரியும். அந்தக் கன்னத்தில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு அறை இருக்கிறது. அதற்குக் காரணமானவள் அன்றைக்கு லண்டனிலிருந்து கொண்டுவந்த வெயில் தொப்பியோடு எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

வதனி என் மாமாவின் மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். மாமா அம்மாவின் ஒரே அண்ணன். அவர்களுக்கு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மாடி வீடு, வாசலில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார். எங்களுக்குக் கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை, வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்களின் செருப்பு. அப்பாவுக்குப் புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றில் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமா. இதை மாமா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்தக் குறையை மாமி தீர்த்துவைப்பார்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மாவும் நானும் சில நாட்கள் வெள்ளவத்தையில் போய் நிற்போம். கொட்டாஞ்சேனையும் கொழும்புதான், ஆனால் கொழும்பு பார்ப்பது என்றால் மாமாவின் காருக்குள் இருந்து பார்க்கவேண்டும். நூதனசாலையில் திமிங்கிலத்தின் எலும்பு பார்ப்போம். துறைமுகப் பக்கம் நிறுத்தி மாமா கப்பல் காட்டுவார். காரின் பின் சீட்டுக்கு ஒரு மணம் இருந்தது. வெயிலில் சூடேறிய தோலும், மாமி மடியில் வைத்திருக்கிற சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் இடியப்பமும் கலந்த மணம். இன்றைக்கும் இடியப்பப் பார்சலைத் திறந்தால் எனக்கு எங்கேயோ ஊர் சுற்றப் போகிற பரபரப்பு வரும். அலுவலகத்தில் மத்தியானம் சாப்பிடுகிறவளுக்கு இது பெரிய தொல்லை.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை மட்டும் நான் பார்த்ததில்லை. அங்கே போவது சனிக்கிழமை. எங்களை வெள்ளிக்கிழமையே கொண்டுபோய்க் கொட்டாஞ்சேனையில் இறக்கிவிடுவார்கள். யானை பின்னங்காலில் நிற்கும், தும்பிக்கையால் மவுத் ஓர்கன் வாசிக்கும் என்று வதனி சொல்லுவாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். அந்த வருடம் மாமா மனமிரங்கி, சனிக்கிழமையும் நின்று யானை ஆட்டம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். நான் அந்தக் கிழமை முழுவதும் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு நடந்தது இது. வருடப்பிறப்புக்கு அப்பா கடையிலிருந்து ஒரு துணி கொண்டுவந்திருந்தார், மஞ்சளில் சிவப்புச் செர்ரிப் பழம். அம்மா அதில் எனக்கும் வதனிக்கும் ஒரே மாதிரிச் சட்டை தைத்தார். ஒரே துணியில் பிள்ளைகளுக்கெல்லாம் உடுப்புத் தைப்பது எங்கள் சனத்தின் பழக்கம். பிள்ளைகளுக்குள் வித்தியாசம் காட்டக்கூடாதாம். வித்தியாசம் தெரியவேண்டிய ஒரு நாள் வரும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒழுங்கு வழக்கம் போலத்தான். காலிமுகத்திடலில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு, அங்கிருந்து கொச்சிக்கடைச் சிவன் கோயில். எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை எதுவும் அடுப்படிப் பக்கம் வராது. அதிலும் கோயிலுக்குப் போகிற பின்னேரம் இறால் வடை வண்டியைத் திரும்பிப் பார்ப்பதே குற்றம். மாமா காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். பட்டங்களுக்கு நடுவே, வண்டிக்கு முன்னால், செர்ரிச் சட்டை போட்ட ஒரு பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வடை தின்பதைக் கண்டார். கூப்பிட்டார். பிள்ளை கூட்டத்துக்குள் மறைந்துவிட்டது.

நான் அப்போது கடலோரச் சுவரில் நின்று அலை எண்ணிக்கொண்டிருந்தேன். வதனி ஓடிவந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் அதற்குமுன் என் கையைப் பிடித்ததே இல்லை. எனக்குச் சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் இறுக்கிப் பிடித்தேன். மடைச்சி. முதலில் எங்களிடம் வந்து சேர்ந்தது அம்மாதான். எங்கள் முகத்தில் தெறித்திருந்த கடல்நீரைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார், முதலில் வதனிக்கு, பிறகு எனக்கு. அதுவும் எனக்கு அப்போது ஒரு குறை. அம்மாவுக்கு எப்போதும் அண்ணனின் பிள்ளைதான் முதல்.

பிறகு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமி எங்கள் கைகளை வாங்கி மணந்து பார்த்தார். இரண்டு கையிலும் இறால் மணத்தது. விசாரணை அவ்வளவுதான்.

"எங்கட பிள்ளை வெள்ளியிலை மச்சத்தை மணக்கவும் மாட்டாள். கொட்டாஞ்சேனைப் பழக்கம் வேறை."

மாமா வாயைத் திறக்குமுன் அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. நான் தின்னேல்லை அம்மா, நான் தின்னேல்லை என்று கோயில் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் எல்லோரும் உள்ளே போக, தீட்டுப்பட்ட என்னைக் காருக்குள் விட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தார்கள். சனிக்கிழமை யானை ஆட்டத்துக்கு அந்தக் கார் நான் இல்லாமல் போனது.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். வதனி முடியவிடவில்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணவீடு என்றாலும் பந்தியில் எனக்கு நேரே அவள் இருந்து, "வெள்ளிக்கிழமை இறால் வந்திட்டா" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டாருக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல காலம், அவர்கள் நீர்கொழும்புக்காரர்கள், இறால் என்றதும் சிரித்துவிட்டார்கள்.

அம்மா விரதம் பிடிக்கத் தொடங்கியதும் அந்தக் கிழமையிலிருந்துதான். வெள்ளிக்கிழமைகளில் பகல் முழுக்கத் தண்ணீர், பொழுதுபட்டபின் ஒரு நேரச் சாப்பாடு. எதற்கென்று கேட்டால் "ஒரு பாவத்துக்குப் பிள்ளை, நீ சாப்பிடு" என்பார். யாருடைய பாவம் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. செய்யாத பாவத்துக்கு என் தாய் என் கண் முன்னால் பட்டினி கிடந்தார். நான் சோற்றைப் பிசைந்தபடி வதனியைச் சபிப்பேன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வெள்ளிக்கிழமை என்று தெரிந்தால் கஞ்சியைத் தள்ளிவிடுவார். நான் தின்னேல்லை அம்மா என்று அப்போதும் ஒருமுறை சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் காரையும் நான் நிறையச் சபித்திருக்கிறேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அதை வெள்ளவத்தைத் தெருவில் வைத்து எரித்தார்கள். அது என் பழியில் சேராது. அப்படி ஒன்றை நான் கேட்கவில்லை. அதன்பிறகு மாமா குடும்பம் லண்டனுக்குப் போனது. மாமாவும் மாமியும் அங்கேயே முடிந்தார்கள். எனக்குக் கல்யாணம், வேலை, இப்போது வெள்ளவத்தையிலேயே மாமா வீடு இருந்த ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு ஃபிளாட். இதில் கொஞ்சம் வஞ்சம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். தெஹிவளையில் இதைவிட மலிவாக இரண்டு பார்த்தேன்.

இந்த வருடம் வதனி வட்ஸ்அப்பில் எழுதினாள், பேரப்பிள்ளைகள் இரண்டு பேரோடு வருகிறாளாம், நான்தான் கொழும்பைச் சுற்றிக்காட்டவேண்டுமாம். விமான நிலையத்தில் அவளுடைய ஏழு வயதுப் பேத்தி என்னை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள்தானா அந்த இறால் அன்ரி என்று இங்கிலீசில் கேட்டாள். வதனி தொப்பிக்குள் சிரித்தாள். சரி, வா, சுற்றிக்காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

பழி வாங்க விஷம் தேவையில்லை. கொழும்பில் எந்த இடத்துக்கு எந்த நேரம் போகக்கூடாது என்று தெரிந்தால் போதும். உச்சி வெயிலில் பேரை வாவிக்குக் கூட்டிப்போய் அன்னப் படகில் ஏற்றினேன். அது காலால் மிதிக்கிற படகு. எனக்கு முழங்கால் நோ என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்துகொண்டேன். வதனி வாவி முழுக்க மிதித்தாள். மழை மூடின நாளாகப் பார்த்துத் தாமரைக் கோபுரத்தில் ஏற்றி, வெள்ளை முகிலைக் காட்டி, அதற்குப் பின்னாலேதான் துறைமுகம் என்றேன். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கந்தோர் விட்டுச் சனம் வீடு திரும்புகிற நேரத்து ரயில். வலது பக்கம் கடல், சரியான காட்சி, ஆனால் அந்த நேரத்தில் தெரிவது நிற்கிறவர்களின் கக்கம்தான். மிருகக்காட்சிச்சாலைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்குப் போனோம். சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. யானை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று வாசலில் கேட்டேன், அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். கேட்டது பிள்ளைகளுக்காக என்று காட்டிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ஐஸ்சொக் வாங்கிக் கொடுத்தேன். அவர்களோடு எனக்குப் பகை இல்லை.

இவ்வளவுக்கும் வதனி ஒரு முகச்சுளிப்புக் காட்டவில்லை. வேர்வையைத் துடைத்துத் துடைத்து, "நல்லாயிருக்கு மச்சாள், எவ்வளவு நாளாச்சு" என்றாள். இப்படிப்பட்ட ஆளிடம் பழி வாங்குவது எவ்வளவு களைப்பு என்று உங்களுக்குத் தெரியாது. இரவில் எனக்குத்தான் முழங்கால் உண்மையாகவே நொந்தது.

கடைசியாக அந்த வெள்ளிக்கிழமை. காலிமுகத்திடலை நான் வேண்டுமென்றே அதற்கு வைத்திருந்தேன். வதனி இப்போது சுத்த சைவம், கழுத்தில் உருத்திராட்சம். வண்டிக்குக் கிட்டப் போனதும் பிள்ளைகள் வடை கேட்டார்கள். அவள் பிள்ளைகளின் தலையில் செல்லமாகத் தட்டி, வெள்ளிக்கிழமை இறால் தின்றால் என்ன நடக்கும் என்று அன்ரியைக் கேளுங்கள் என்று மறுபடி கதையைத் தொடங்கினாள். கார், சட்டை, மாமி மணந்து பார்த்தது எல்லாம். நான் வண்டிக்காரத் தம்பியிடம் சிங்களத்தில் மூன்று வடை கேட்டேன். பிள்ளைகளிடம் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதை வதனியின் முகத்துக்கு நேரே பிடித்து, ஓட்டோடு கடித்து, மென்றேன்.

"வதனி, நான் பிறந்ததுக்கு இண்டைக்குத்தான் இறால் வடை தின்னுறன்."

அவள் கதை நின்றது. பிள்ளைகள் வடையோடு கடல்பக்கம் ஓடிவிட்டார்கள். வடை ஆறிப்போயிருந்தது, பருப்பு பல்லுக்குள் கடிபட்டது. இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது. ஆனாலும் முழுவதையும் தின்றேன். அவள் பார்க்கப் பார்க்க விரலையும் நக்கினேன்.

"நான்தான் திண்டனான். உனக்குத் தெரியும்தானே," என்றாள் மெல்ல.

"தெரியும். நீ சொல்லிக் கேக்கவேணும். இன்னொருக்காச் சொல்லு."

சொன்னாள். நான் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அதுக்கும் சொன்னாள், பக்கத்தில் பட்டம் விற்கிறவன் திரும்பிப் பார்த்தான். ஆகா என்று இருந்தது எனக்கு. இத்தனை வருடச் சூடு அந்தக் கணத்தில் இறங்கியதை நான் அனுபவித்தேன், அதில் ஒரு வெட்கமும் இல்லை. அவள் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"உன்ரை அம்மாவுக்கும் தெரியும்," என்றாள். "என்ரை வாயெல்லாம் மிளகாய்ச் சாறு. அவதான் துடைச்சு விட்டவ. துடைச்ச தலைப்பைச் சுருட்டி இடுப்பிலை செருகிப்போட்டு ஒருக்கா என்ரை முகத்தைப் பாத்தா. பிறகுதான் உனக்கு அடிச்சவ."

நான் அவளை நம்பக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் முதலில் வதனிக்கு, பிறகு எனக்கு என்று அம்மா துடைத்துவிட்டது என்னுடைய ஞாபகம். அதை அவள் எனக்குள் கொண்டுவந்து வைத்திருக்கமுடியாது. அம்மா அண்ணனையும் பார்த்திருப்பார், அண்ணியையும் பார்த்திருப்பார், அப்பாவின் புடவைக்கடையையும் ஒருக்கால் நினைத்திருப்பார்.

வதனி லண்டனுக்குப் போய்விட்டாள். போகும்போது கட்டிப்பிடித்தாள், நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். அவளை மன்னிக்கவில்லை. காலிமுகத்திடலில் இப்போது புல் பாதி இல்லை, எதிரே கடலை நிரப்பி எழுப்பிய நகரம். கொட்டாஞ்சேனை இரண்டு அறையும் இடிபட்டு, அந்த இடத்தில் போன் உதிரிப்பாகம் விற்கிற கடை. அம்மாவின் சீலைகளை அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு நானே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தலைப்பும் அதற்குள் இருந்திருக்கும்.

இப்போது என் கோபத்துக்கு ஒரு ஆள்தான் மிச்சம், அந்த ஆளிடம் போய்க் கேட்க வழியில்லை. கேட்டாலும் நான் என்ன தண்டனை கொடுக்க? வெள்ளிக்கு வெள்ளி, பகல் முழுக்க, என் கண் முன்னாலேயே அம்மா தன்னைத்தானே தண்டித்து முடித்துவிட்டார். எனக்கென்று ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டுவைக்கவில்லை.