இரட்டையைச் சுமந்தவளைப் பொய்க்காரி என்றேன்

கர்ப்பிணி ஒருத்தியை, அவளோடு வேலை செய்த பன்னிரண்டு பெண்கள் கேட்க, பொய்க்காரி என்று சொன்னேன். அவள் பொய் சொல்லவில்லை. அவள் வயிற்றில் இரண்டு குழந்தைகள் இருந்தன. அதை எழுதிய காகிதம் என் கையில்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

இதை முதலில் வேறு மாதிரி எழுதினேன். ‘தவறான புரிதல்’ என்றும் ‘அன்றைய பணிச்சூழல்’ என்றும் எழுதி, பிறகு அடித்தேன். முப்பது ஆண்டுகள் நிர்வாகக் கடிதம் எழுதியவனுக்கு மழுப்பல் மூச்சு விடுவது போல வரும்.

ஓசூரில், மூக்கண்டப்பள்ளிப் பக்கம், கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் பணியாளர் அதிகாரி. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். சமூகத்துக்கு நான் செய்த பெரிய பணி, பெண்கள் கழிவறைக்குப் போய்வரும் நேரத்தைக் குறிக்க லைனுக்கு ஒரு நோட்டுப் போட்டது. அதற்கு எனக்குப் பாராட்டுக் கேடயமும் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது நான் உண்மையிலேயே பெருமைப்பட்டேன்.

அவள் சாமல்பட்டிக்காரி. கணவன் இன்னொரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்தான். இருவரும் மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிரசவ விடுப்பை முன்கூட்டியே கேட்டு, அரசு மருத்துவர் கொடுத்த சீட்டோடு என் அறைக்கு வந்தாள். ஏழாவது மாதம் நடக்கிறது என்றாள்.

நான் சீட்டைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தேன். அது நிறைமாத வயிறு. இரண்டு பிள்ளை பெற்றவளுக்குக் கணவன் நான், எனக்குத் தெரியாதா? மனக்கணக்குப் போட்டேன். நிறைமாதம் என்றால், வேலையில் சேரும்போதே கர்ப்பம். அதை மறைத்து வேலை வாங்கி, இப்போது விடுப்பும் வாங்கப் பார்க்கிறாள். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எழுந்து, அவளை அழைத்துக்கொண்டு லைனுக்கே போனேன். அறைக்குள் வைத்துக் கேட்டிருக்கலாம். மற்றவர்களுக்கும் ஒரு பாடமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“எத்தனை மாசம்னு சொன்னே? இவங்க முன்னாடி சொல்லு.”

“ஏழுங்க சார்.”

“ஏழு மாசத்துக்கு இவ்வளவு பெரிய வயிறா? உள்ளே என்ன, பூசணிக்காய் வெச்சிருக்கியா?”

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

“சீட்டுல இருக்குங்க சார். படிச்சுப் பாருங்க.”

“இந்த மாதிரி சீட்டு ஆயிரம் பார்த்தவன்மா நான். பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருத்தமா சொல்லணும்.”

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ‘ரெட்டை’ என்ற ஒரு சொல் போதும், என் வாய் அடைத்திருக்கும். ஆனால் அதை வெளியில் சொல்லக்கூடாது என்று மாமியார் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்; இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இரட்டை என்றால் ஊர்க்கண் முழுக்க வயிற்றின் மேல்தான், பிறக்கிறவரை மூச்சு விடக்கூடாது. அந்த வீட்டின் பயம் அது. காகிதம் சொல்லிவிடும், தான் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று அவள் நம்பியிருந்தாள். படித்த அதிகாரி படிப்பான் என்பது அவளுடைய மூடநம்பிக்கை.

கம்பெனி மருத்துவர் வந்து சோதித்துச் சொன்னால்தான் விடுப்பு என்று உத்தரவு போட்டேன். அவர் வர இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அவள் நின்றாள். எங்கள் வேலை நின்று செய்கிற வேலை. வயர்களைக் கோத்துக் கட்டும் பலகைகளின் உயரம் அதற்கேற்றது. பக்கத்துப் பெண்கள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, அவள் உட்காரப் பின்னால் வைத்தார்கள். நடைபாதையில் பொருள் இருக்கக்கூடாது என்று அதை எடுக்கச் சொன்னேன்.

நடுவில் பெண்கள் தினம் வந்தது. எல்லாப் பெண்களையும் கேன்டீனில் நிறுத்தி, ஆளுக்கொரு ரோஜா கொடுத்து, தாய்மையின் மேன்மை பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். நாற்காலி எனக்கும் மேனேஜருக்கும் மட்டும். அவள் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, தாயின் தியாகத்துக்கு ஒரு கவிதை வரி சொன்னேன். கைதட்டினார்கள்.

கம்பெனி மருத்துவர் வரவேண்டிய நாளுக்கு முந்தைய காலை, லைனிலேயே பனிக்குடம் உடைந்தது. முதலுதவி அறை நர்ஸ் ஓடிவந்து பழைய சீட்டைக் கேட்டார். என் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் பிரித்தார்.

“சார், இதுல ரெட்டைன்னு போட்டிருக்கே. ரெண்டாவது வரியிலயே போட்டிருக்கு.”

“எங்கே?”

விரலை வைத்துக் காட்டினார். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போய்விட்டார்.

ஆண் ஒன்று, பெண் ஒன்று. வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்தன. பெண் குழந்தைக்கு இடது கண்ணில் பார்வை தங்கவில்லை. நான் விசாரித்த மருத்துவர், “இரட்டை பெரும்பாலும் முன்னாடியே பிறந்துடும். நின்னதாலதான்னு உறுதியா சொல்ல முடியாது” என்றார். அந்த வாக்கியத்துக்குள் நான்கு வருடம் சௌகரியமாகக் குடியிருந்தேன். விடுப்பை முன்தேதியிட்டு அனுமதித்துவிட்டு, அதையும் என் தாராளம் என்று எண்ணிக்கொண்டேன். அவள் வேலைக்குத் திரும்பவில்லை.

என்னை அசைத்தது மனசாட்சி என்று எழுத ஆசைதான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வங்கியில் நீண்ட வரிசை. முழங்கால் வலி. மருத்துவர் சீட்டை நீட்டி, உட்கார ஒரு நாற்காலி கேட்டேன். கவுன்டர்காரர் சீட்டைத் தொடவில்லை. “பார்த்தா நல்லாத்தானே சார் இருக்கீங்க” என்றார். இருபது நிமிடம் நின்றேன். அவ்வளவுதான். இரண்டு உயிரைச் சுமந்தவள் இரண்டு வாரம் நின்றது உறைக்காதவனுக்கு, தன் முட்டி இருபது நிமிடம் வலித்ததும் உறைத்தது.

கிருஷ்ணகிரி போய் வேறு பஸ் பிடித்து சாமல்பட்டிக்குப் போனேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டேன், நான்கு வயதுக் குழந்தைகளை, நேற்றுப் பிறந்தவர்களைப் பார்க்கப் போகிறவன் போல. வீட்டு வாசலில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“வாங்க சார்” என்றாள். உட்காரச் சொன்னாள். நான் நிற்கவா உட்காரவா என்று தடுமாறினேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை எடுத்துக்கொள்ளாமல், அந்த இரண்டு வாரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை, நடந்ததைச் சொல்லும் குரல்.

“ஒண்ணு விலாவுல எகிறி உதைக்கும் சார், இன்னொண்ணு மூத்திரப் பை மேல உக்காந்துக்கும். உங்க நோட்டுல எத்தனை தடவைன்னு எழுதிடுவாங்கன்னு தண்ணியே குடிக்கல. படுத்தா மூச்சு முட்டும். செவுத்துல சாஞ்சுதான் தூங்குவேன். வயிறு அப்படியே அரிக்கும், சீப்பை வெச்சுச் சொறிவேன். காலு வீங்கிச் செருப்பு ஏறல, அவரோட செருப்பைப் போட்டுட்டு வருவேன். அதையும் நீங்க பாத்து, யூனிபார்ம் செருப்பு எங்கேன்னு கேட்டீங்க.”

எனக்கு அது நினைவில்லை. நினைவில் வைக்கும் அளவுக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே இருந்திருக்காது.

“அதெல்லாம் போவட்டும். பொய்க்காரின்னீங்களே, அதுதான் போவல. எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? நான் பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். அவங்க முன்னாடி சொன்னீங்க. அவங்ககிட்டப் போய் சொல்லுங்க. பன்னெண்டு பேர்கிட்டயும்.”

சிறுமி வந்து அவள் புடவையைப் பிடித்து, என்னைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பினாள். பையன் அதற்குள் ஆப்பிளை எடுத்துக் கடித்துவிட்டான். அவள் அதைப் பிடுங்கவில்லை. மீதிப் பையை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பெயர்களை அவள்தான் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். முகம் பார்த்துப் பெயர் சொல்ல எனக்கு ஒருத்தியைக்கூடத் தெரியாது.

முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குப் போனேன். அவர்களில் நான்கு பேர் இன்னும் அதே கம்பெனி. தயாரித்து வைத்த உரையை ஆரம்பித்தேன்.

“என்ன சார், மறுபடியும் ரோஜாப்பூவா?” என்றாள் ஒருத்தி.

சுருக்கிச் சொன்னேன்: அவள் சொன்னது உண்மை, நான்தான் படிக்கவில்லை.

“ரெட்டைன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியுங்க சார். அவ நடக்கறதைப் பாத்தா தெரியாதா? உங்களுக்கு மட்டுந்தான் தெரியல” என்றாள் லைன் லீடராக இருந்த பெண்மணி. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

மற்றவர்கள் சிதறியிருந்தார்கள். அத்திப்பள்ளிக்கு அப்பால் கர்நாடகக் கம்பெனிகளில் மூன்று பேர். கேட்டில் காத்திருந்து சொன்னேன். ஒருத்தி போனிலேயே “சரிங்க, சரிங்க” என்று வைத்துவிட்டாள். ஒருத்தியின் கணவன் என்னைச் சீட்டுப் பணம் வசூலிக்க வந்தவன் என்று நினைத்துத் துரத்தினான். என் மனைவி, “அவங்களுக்கு இருக்கிற வேலைல இது வேறயா? உங்க மனசு ஆறணும்னு எத்தனை பேரை நிக்க வெப்பீங்க?” என்றாள். ஆனாலும் போனேன்.

பன்னிரண்டாவது ஆள் கல்யாணமாகி ஜவளகிரியில் இருந்தாள். ராகிக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து நான் சொன்னதைக் கேட்டாள்.

“அன்னிக்கு மொதல்ல சிரிச்சவ நான்தான் சார். சிரிக்கலைன்னா அடுத்து என்னைக் கேப்பீங்கன்னு பயம். அதுக்கப்புறம் அவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசறது? நாலு வருசமா பேசல.”

சாமல்பட்டிக்காரியின் நம்பர் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். மண் கையை முந்தானையில் துடைத்து அங்கேயே அழைத்தாள். இரண்டு பேரும் தெலுங்கில் பேசினார்கள். முப்பது வருடம் ஓசூரில் இருந்தும் நான் தெலுங்கு கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்காரர்கள் பேசும் பாஷை எனக்கெதற்கு என்று இருந்தேன். முதலில் அழுகை கேட்டது. பிறகு ஒருத்தி பேச ஒருத்தி இடைமறித்தாள். பிறகு சிரிப்பு. அவள் போனைக் காதில் வைத்தபடி வரப்பில் வெகுதூரம் நடந்து போய்விட்டாள்.

வரப்போரம் அரை மணிக்கு மேல் நின்றேன். திரும்பி வந்தவள் என்னை மறந்தே போயிருந்தாள் போலிருந்தது.

“நீங்க இன்னும் போவலையா சார்? அவ வர்ற மாசம் புள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றாளாம்.”

“என்னைப் பற்றி ஏதாவது…”

“இல்லீங்களே. உங்களைப் பத்தி ஒண்ணும் பேசல” என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து களையெடுக்கத் தொடங்கினாள்.