லெஃப்ட் பொட்டலம்

ஐம்பத்துநான்கு வயதில் ஸ்கூல் பஸ் ஓட்டப் போகலாமா என்று பிள்ளையாரைக் கேட்டேன். வேறு யாரைக் கேட்பது? கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருபது வருடம் டெஸ்டிங் வேலை பார்த்த கம்பெனி லேஆஃப் செய்துவிட்டது. அப்புறம் வரிசையாக இன்டர்வியூ. எல்லோரும் என் பையன் வயதுக்காரர்கள். திரும்பக் கூப்பிடுகிறோம் என்று சொன்னவர்களில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

ஆலன் என்கிற இந்த அமெரிக்க ஊரில், என் வீட்டு முனையில் தினமும் காலையில் மஞ்சள் பஸ் நிற்கும். பிள்ளைகள் போடும் கூச்சல் சமையலறை வரை வரும். பஸ் போனதும் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்தான். டிரைவர் தேவை, பயிற்சி தருகிறோம் என்று பள்ளி வாசலில் போர்டு பார்த்தபோது, சம்பளத்தை விட அந்தக் கூச்சலுக்குத்தான் ஆசைப்பட்டேன்.

பூப் போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. ஆனால் பொட்டலத்தை எடுக்க விவரம் தெரியாத ஒரு குழந்தை வேண்டும். இந்த வீடு வாங்கும்போது என் பையன் எடுத்தான். நான் பிரிப்பதற்குள் "வெள்ளையாம்மா? வெள்ளையாம்மா?" என்று குதித்தான்.

இப்போது குழந்தைக்கு எங்கே போவேன்? பேப்பர் டவலில் இரண்டு பொட்டலம் மடித்துக் குலுக்கி பிள்ளையார் முன் வைத்தேன். சான் ஹோசேயில் இருக்கும் அதே பையனை போனில் கூப்பிட்டேன்.

"லெஃப்டா ரைட்டா, சொல்லுடா."

"எதுக்கு மா? லெஃப்ட். மீட்டிங் இருக்கு, பை."

பிரித்தேன். வெள்ளை. "வெள்ளை" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஆளில்லை. பூவைப் பிள்ளையார் தலையில் வைத்துவிட்டு அழுதேன்.

பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கி, பஸ் ஓட்ட ஆரம்பித்தேன். கோயிலில் தெரிந்த ஒரு அம்மாள் ஸ்டியரிங் பிடித்த என்னைப் பார்த்துவிட்டார். நாரதர் வேலைக்கு மட்டும் எந்த ஊரிலும் லேஆஃப் கிடையாது. அன்று சாயங்காலமே பையன் கூப்பிட்டான்.

"ஸ்கூல் பஸ்ஸா? சீரியஸ்லி? என்னை ஏன் மா கேக்கல?"

"கேட்டேனேடா. நீதான் லெஃப்ட்னு சொன்னே."

அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஓ காட். அது சும்மா சொன்னேன் மா."

"சும்மா சொல்லணும்னுதான்டா குழந்தையைக் கேக்கறது."

மீட்டிங் என்பான், வைத்துவிடுவான் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வெள்ளையாம்மா?" என்றான்.

"வெள்ளைதான் கண்ணா" என்றேன்.