விரல் இடுக்கில் மறைத்த சொறி

பிள்ளைகளே, குப்பைமேனி இலையை உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துப் பூசினால் சொறி சிரங்கு அடங்கும் என்பார்கள். அதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் மாடி அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். அதில் ராசுவுக்கு உடம்பெல்லாம் சொறி. சீழும் நாற்றமுமாக அவன் பக்கத்தில் வந்தாலே எனக்குக் குமட்டும்.

"இவனால அறையே நாறுது. கீழ போய்ப் படுக்கச் சொல்லுங்க" என்று நான்தான் மற்றவர்களைத் தூண்டினேன். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு அஞ்சடிக்கு, அதாவது கடைவாசல் நடைபாதைக்குப் போய்விட்டான்.

உண்மையில், அவனுக்கு முன்பே என் விரல் இடுக்கில் அரிப்பு வந்திருந்தது. என்னையும் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, கையைச் சட்டைப் பைக்குள் மறைத்துத் திரிந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ராசுவின் புண்கள் காய்ந்திருந்தன. கால்வாய் ஓரம் பறித்த குப்பைமேனியை அரைத்துக்கொண்டிருந்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"கையை நீட்டுண்ணே."

"எனக்கு எதுக்குடா?"

"விரல் இடுக்குலதான் மொதல்ல வரும். ஒன் பக்கத்துலதானே நான் படுத்திருந்தேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் அஞ்சடியில படுக்கணும்லா. இங்க எடம் ஏது?" என்று சிரித்தபடி அவனே பூசிவிட்டான்.

விரல்கள் ஆறிவிட்டன. ஆனால் மாடியில் இருந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாளும் ராசு கீழேதான் படுத்திருந்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது.