பல்லி அலமாரியில் வைத்த சாலமாண்டர்

எங்கள் அருங்காட்சியகத்தில், செத்த பிராணிகளைக் கெடாமல் ஊறவைத்த ஸ்பிரிட் ஜாடிகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஜாடிக்காரம்மா என்றுதான் சொல்வோம். வற்றிய ஜாடியில் ஸ்பிரிட் ஊற்றுவார், மூடியைச் சுற்றி மெழுகு பூசுவார். நான் வாசல் காவலாளி. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் சொல்கிறேன், அவரைப் போல ஏங்கிய மனுஷியை நான் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாலமாண்டர் என்ற பிராணியின் ஜாடியைப் பல்லி அலமாரியில் வைத்துவிட்டார். நாலு கால், நீள வால், பாவம் வேறென்ன நினைப்பார்? அதைக் கேட்ட அவர் தங்கை விழுந்து விழுந்து சிரித்து, அன்றிலிருந்து அவரைப் "பல்லியக்கா" என்றே கூப்பிட்டாளாம். பிறகு அந்தத் தங்கை மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோது, "அவன் நமக்கு என்ன சொந்தம்? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று இவர் வாயை விட்டார். அவள் மிதிக்கவே இல்லை.

அதிலிருந்து, ஜாடி பார்க்க வருகிறவர்களிடம் ஒரே பாட்டு. "செதில் இருக்கா பாருங்க. நகம் இருக்கா? இது தவளைக்குச் சொந்தம். இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கும் முன்னாடி ரெண்டுக்கும் பாட்டன் ஒருத்தன்தான். பல்லிக்கு இதைவிடக் கோழி கிட்டத்துச் சொந்தம். பக்கத்து ஜாடியில இருக்கிற நியூட்டா? அது சாலமாண்டர் வீட்டுப் பிள்ளை. உருவத்தை வெச்சு உறவு சொல்லாதீங்க!"

ஊருக்கு உபதேசம். தெருவில் தங்கை சாயலில் எவள் போனாலும் இவரே பின்னால் ஓடுவார். அசடு வழியத் திரும்பி வருவார்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். குள்ளம், சுருட்டை முடி. சாலமாண்டர் ஜாடியை விரலால் தட்டினாள். "ஏம்மா, கையை எடு!" என்று ஜாடிக்காரம்மா எரிந்து விழுந்தார்.

"நீங்கதானே பல்லியக்கா? அம்மா சொல்லியிருக்காங்க."

ஜாடிக்காரம்மா கையிலிருந்த புனல் கீழே விழுந்தது. அந்த முகத்தில் தங்கையின் சாயல் மருந்துக்கும் இல்லை. "உங்கம்மா எங்கடி?"

"வாசல்லதான் நிக்கிறாங்க. நீங்க திட்டுவீங்கன்னு உள்ள வரல பெரியம்மா."

செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். மழைக்கு ஒதுங்கி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கண்ணாடி போட்ட, தலை நரைத்த, பருத்த ஒரு பெண்மணியை இடித்துத் தள்ளிக்கொண்டு நடுத்தெருவுக்கே இறங்கிவிட்டார். "எங்க அவ? போயிட்டாளா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். எனக்கு என்ன தெரியும்?

பின்னாலிருந்து அந்தப் பெண்மணி கேட்டாள்: "இன்னும் பல்லி அலமாரியிலதான் தேடறியா, பல்லியக்கா?"

ஜாடிக்காரம்மா திரும்பவில்லை. மழையில் நனைந்தபடியே சொன்னார்: "இன்னொரு தடவை கூப்பிடுடி."