மைன்ஸ் மூடினதிலிருந்து விவசாயி

எங்கள் ஊரான ஊரிகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் என்ன வேலை என்று கேட்டால் "மைன்ஸ்" என்பார்கள். தங்கச் சுரங்கம் மூடி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது என்பதெல்லாம் அந்தப் பதிலைத் தொடாது. அப்பாவும் அப்படித்தான் சொன்னார். சொன்ன இடம்தான் தவறு. விவசாயிகளின் வங்கிக் கணக்கில் அரசு போடும் உதவித்தொகைக்குப் பெயர் பதியும் கணினி மையத்தில் சொல்லிவிட்டார். அங்கிருந்த பெண் "அரசு நிறுவன ஊழியர்" என்ற கட்டத்தில் தட்டினாள். விண்ணப்பம் தள்ளுபடியானது.

அப்பா நந்திதுர்க் ஷாஃப்டில் பூமிக்கடியில் கல் அள்ளியவர். மூடும்போது கொடுத்த பணத்தில் பேத்தமங்கலம் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் வாங்கினார். அன்றிலிருந்து கேழ்வரகும் தக்காளியும்தான். காலையில் நிலத்துக்குக் கிளம்புவதை இன்றும் "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்" என்பார்.

நான் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் மென்பொருள் சோதனைக்காரி. பிழை என்ன, எங்கே நேர்ந்தது, யார் சரிசெய்ய வேண்டும் என்று மூன்று வரி எழுதுவது என் தொழில். இதற்கும் எழுதினேன். மூன்றாவது வரிக்கு மட்டும் நான்கு நாள் விடுப்பு போனது. கணினி மையம் வேளாண் அலுவலகத்தைக் கை காட்டியது. அவர்கள் தாலுகா அலுவலகத்தை. தாலுகா அலுவலகம் கணினி மையத்தை. கடைசியில் விதிமுறைகளை நானே படித்தேன். அரசு நிறுவனத்தில் கடைநிலை ஊழியராக இருந்தவருக்குத் தடை இல்லை. அந்தப் பக்கத்தை அச்சிட்டு, மஞ்சள் கோடு போட்டு, நிலம் யாருடையது என்று காட்டும் பஹணிப் பதிவேட்டின் நகலோடு கோப்பில் வைத்தேன்.

எங்கள் வரப்பை ஒட்டிய இரண்டு ஏக்கர் பெங்களூரில் இருக்கும் ஒருவருடையது. அதில் ஏர் ஓடிப் பல வருடம் ஆகிறது. பஹணியில் அவர் பெயர் இருக்கிறது, அதனால் அவருக்குத் தவணை தவறாமல் வருகிறது.

வேளாண் அலுவலர் ஒருவழியாக நேரில் வரச் சொன்னார். பஸ்ஸில் அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன்.

"இன்னா வேலைன்னு கேட்டா இன்னா சொல்வீங்க?"

"விவசாயம்."

"மைன்ஸ்னு?"

"வாயே தொறக்க மாட்டேன். இன்னாமா, இன்டர்வியூக்கா இட்னு போற?"

அலுவலர் கன்னடத்தில் கேட்டார். விவசாயம் என்று அப்பா கணீரென்று சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. கட்டத்தை மாற்றப் போன அலுவலர், எத்தனை வருடமாக என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தார்.

"மைன்ஸ் மூடினதுல இருந்து சார்."

அவர் விரல் நின்றுவிட்டது. நான் கோப்பைத் திறந்து மஞ்சள் கோட்டைக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"நீங்க சொல்றது கரெக்ட்மா. கடைநிலை ஊழியர்னு அவர் வேலை செஞ்ச ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கினு வாங்க."

"அந்த ஆபீஸே இல்லையே சார்."

"லெட்டர் இல்லாம நான் எப்படிமா மாத்தறது?"

வெளியே வந்ததும் கேட்டேன். "இருபது வருசம்னு சொன்னா ஆகாதா?"

"வருசம் யாரு எண்ணினு இருக்கறாங்க? மூடினதுதான் தெரியும்."

நான் பதில் சொல்வதற்குள் அப்பாவின் போன் அடித்தது. பக்கத்து நிலத்துக்காரர். வங்கியிலிருந்து ஏதோ பணம் வந்திருப்பதாகச் செய்தி வந்ததாம், எதற்கு என்று தெரியவில்லையாம். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"விவசாயிங்களுக்குக் குடுக்கறது சார்," என்றார் அப்பா, முகத்தில் ஒன்றும் காட்டாமல். நிலத்துக்காரர் அடுத்துத் தன் நிலத்தைப் பற்றி விசாரித்தார். "புல்லு நல்லா வந்துகீது சார். இந்த வருசம் அமோகம்."

பேத்தமங்கலம் பஸ் வந்தது. தக்காளிக்குத் தண்ணீர் விட வேண்டும், செகண்ட் ஷிஃப்டாவது பார்க்கிறேன் என்று ஏறிக்கொண்டார். நான் கோப்போடு ஊரிகத்துக்குத் திரும்பினேன், இல்லாத அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத.